தங்கத்தை விட்டுச் செம்பை எடுத்தவர்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு இருந்தவர்களும் அவர்கள் இருந்த இடங்களும் பின்வருமாறு: மேசையின் தலைமாட்டில், சன்னலுக்கு முதுகு காட்டியபடி, வீட்டுக்காரர் இராசநாயகம். அவருக்கு வலப்பக்கம், பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கூட வரும் சபாரத்தினம். இடப்பக்கம், நேரெதிரே, சபாரத்தினத்தின் மனைவி வசந்தமலர். கால்மாட்டில் கிடந்த நாலாவது கதிரையில், ஒரு குஷன் மேல், நாணயப் பெட்டி.

இதை வரிசையாகச் சொன்னவர் இராசநாயகம். சொன்னது மறுநாள் காலை, நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், கிளென் ஈடனில் உள்ள தன் வீட்டு முன்னறையில், ஹீட்டருக்குப் பக்கத்தில் கால் நீட்டியபடி. கேட்டுக் குறித்துக்கொண்டவள் யோகராணி. யாழ்ப்பாணத்தில் ஒரு வழக்கறிஞரிடம் கிளாக்காக இருந்தவள். இப்போது ஒடாஹுஹுவில், டெய்ரி என்று இங்கே சொல்லும் ஒரு மூலைக்கடைக்கு மேலே அறை எடுத்து, காப்புறுதிக் கம்பெனிகளுக்கு விசாரித்துக் கொடுக்கிறாள். பொலிசுக்குப் போக வெட்கப்படும் தமிழர்களும் அவளிடம்தான் வருவார்கள்.

"பெட்டிக்குத் தனிக் கதிரையா?" என்றான் அவளுடைய உதவியாளன் தர்மேந்திரா. "சோறு போட்டீங்களா சார், இல்ல சும்மா உக்காந்து வேடிக்கை பார்த்துச்சா?"

இவன் பிஜித் தீவில் நாந்தியில் பிறந்தவன். போன வருஷம் அங்கே இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் இங்கே வந்து டாக்சி ஓட்டுகிறான். டாக்சி சும்மா நிற்கும் நேரமெல்லாம் யோகராணியின் பக்கத்தில் நிற்பான்.

இராசநாயகம் சிரிக்கவில்லை. "தம்பி, அந்தப் பெட்டிக்குள்ள இருக்கிறவை சக்கரவர்த்திமார்" என்றார்.

யாழ்ப்பாணத்தில் லத்தீனும் சரித்திரமும் படிப்பித்த மனிதர். பெரிதாக்கும் லென்ஸைக் கண்ணில் பிடித்தபடி பெட்டியைத் திறந்தபோது அவருடைய முகமே மாறிவிட்டது. புது மாப்பிள்ளை தாலிக்கொடியைக் காட்டுகிற மாதிரி. உள்ளே கறுத்த வெல்வெட்டில் குழி குழியாக ரோமாபுரிக் காசுகள். நடுவில் ஒரு தங்கம். சுற்றிவர வெள்ளிகள். ஓரத்தில், ஒரு நகக்கண் அளவுக் குழி வெறுமையாக இருந்தது.

"ரோமாபுரி அரசனுக்கு ரேடியோவும் இல்லை, பேப்பரும் இல்லை, பிள்ளை. ஊருக்குச் சொல்ல நினைச்சதைக் காசில அடிச்சு விடுவான். மீன் வாங்கிறவளின்ர மடியிலயும் அவன்ர செய்தி போய் இருக்கும். இந்த வெள்ளியைப் பாருங்கோ. அண்ணனும் தம்பியும் கை கோத்து நிக்கினம். 'ஒற்றுமை' எண்டு எழுத்து. பேந்து கொஞ்சக் காலத்தில அண்ணன் தம்பியைக் கொன்றுபோட்டான்."

"அப்போ காசு பொய் சொல்லுது" என்றான் தர்மேந்திரா.

"காசு எதைப் பெரிசாக் கத்துதோ, அரண்மனையில அதுக்குத்தான் பஞ்சம். அதை விளங்கினால் முழுச் சரித்திரமும் விளங்கும்." அவர் குரல் தாழ்ந்தது. "நேற்று இதைச் சொல்லேக்கை சபா என்ன சொன்னவன் தெரியுமோ? 'நாங்கள் ரெண்டு பேரும் கை கோத்த மாதிரி ஒரு காசு அடிப்பம்' எண்டான். சொன்ன கையோட களவெடுத்திட்டான்."

களவு போனது தங்கம் இல்லை, வெள்ளியும் இல்லை. ஓரத்துக் குழியில் இருந்த செம்புக்காசு. ஒரு பக்கம் தியோதோசியஸ் சக்கரவர்த்தியின் முகம். மறுபக்கம் ஒரு மாலை, மாலைக்குள்ளே நாலு சின்ன வரி. விற்கப்போனால் ஒரு நேரச் சாப்பாட்டுக்குக் கூடக் காணாது.

"தங்கத்தை விட்டுட்டுச் செம்பை எடுத்த திருடனை நான் இப்பதான் பார்க்கிறேன்" என்றான் தர்மேந்திரா. "கண்ணாடி போடாம வந்திருப்பானோ?"

"அது சபாவுக்கு மட்டும்தான் தங்கம்" என்றார் இராசநாயகம். "பள்ளிக்கூடக் காலத்தில கந்தரோடை வயலில, மழை விட்டாப் பிறகு கண்டெடுத்தது. தான் முதல் கண்டது எண்டு அவன் சொல்லுறான். கண்டிருக்கலாம். குனிஞ்சது நான்."

குனிந்தவருக்கும் கண்டவருக்கும் நடுவில் அன்று தொடங்கிய புகைச்சல், கடல் தாண்டி ஆக்லாந்து வரைக்கும் வந்து, ஞாயிறுதோறும் மேசையில் சோற்றோடு பரிமாறப்பட்டு வந்திருக்கிறது.

இதில் மாட்டிக்கொண்டு நிற்பது பத்மாவதி. சபாரத்தினத்தின் தங்கச்சி. இரண்டு பெண்பிள்ளைகளோடு கொழும்பில் ஒரு லொட்ஜில் ஒளித்த மாதிரி இருக்கிறாள். அவளுக்கு விசா கிடைக்க வேண்டுமென்றால், இங்கே சொந்த வீடு உள்ள ஒருவர் உத்தரவாதக் கடிதம் தரவேண்டும். சபாரத்தினம் வாடகை வீட்டில் இருப்பவர். கடிதத்தை இராசநாயகம் எழுதி வைத்திருக்கிறார். கையெழுத்து மட்டும் இல்லை. இன்றைய தபாலைத் தவறவிட்டால் கடிதம் அவளுடைய விசாரணை நாளுக்குப் போய்ச் சேராது. கடிதம் அந்த முன்னறை மேசையிலேயே, சாம்பல் கிண்ணத்துக்குக் கீழே கிடந்தது.

"காசு வரட்டும். கடிதம் போகும்" என்றார் இராசநாயகம். "கள்ளனின்ர குடும்பத்துக்கு நான் எப்பிடிப் பொறுப்பு நிக்கிறது? நீங்கள் போய் அவனிட்டை இருந்து எடுத்துத் தாங்கோ."

அந்த நேரம் அவருடைய மனைவி செல்வநாயகி தேத்தண்ணியும் வடையும் கொண்டுவந்தாள். யோகராணியின் தட்டில் ஒரு வடை விழுந்தது. தர்மேந்திராவின் தட்டில் ஒன்று, பிறகு இன்னொன்று, பிறகு "சாப்பிடு தம்பி, காய்ஞ்சுபோய் இருக்கிறாய்" என்று மூன்றாவது. போகிற வீடெல்லாம் இதுதான் நடக்கிறது. விசாரிக்கிறவள் அவள், கேள்வி கேட்கிறவள் அவள். வீட்டுக்காரிகளின் அன்பு மட்டும் நேரே இவனுடைய தட்டில் போய் விழும். யோகராணி தன் ஒற்றை வடையைக் கடித்தாள். உள்ளே ஒரு மிளகு கூட அவளுக்கு வரவில்லை.

*

சபாரத்தினத்துக்கு மங்கரேயில், விமானநிலையச் சரக்குக் கொட்டகையில் வேலை. பெட்டிகள் அடுக்கிய இடைவெளியிலிருந்து, செம்மஞ்சள் மேலங்கியோடு வந்தார். யோகராணி வந்த காரியத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வரவில்லை, சிரிப்பு வந்தது. அதுதான் அவளுக்கு முதல் அதிசயம்.

"பிள்ளை, அந்தக் காசு அவனிட்டை இருக்கிற வரைக்கும்தான் எனக்கு மரியாதை. ஒவ்வொரு ஞாயிறும் அவன் அந்தப் பெட்டியைத் திறக்கேக்கை நான் ஒண்டும் கதைக்கமாட்டன். அந்தக் குழியை மட்டும் பார்ப்பன். அவனுக்குச் சோறு இறங்காது. அதை நான் எடுத்தால், பேந்து எதை வைச்சு அவனைக் குத்துறது?"

"உலகத்துல இப்படி ஒரு சாட்சி வாக்குமூலம் கேட்டதில்ல" என்றான் தர்மேந்திரா. "நான் திருடல, ஏன்னா எனக்கு அவ்வளவு வயித்தெரிச்சல்."

"ஓம். எழுதுங்கோ. அப்பிடியே எழுதுங்கோ." சபாரத்தினத்தின் சிரிப்பு அடங்கியது. "அவனுக்கு என்னில எரிச்சல். எனக்கு அவனில எரிச்சல். அது எங்கட விளையாட்டு. ஆனால் கடிதம் விளையாட்டு இல்லை. மூண்டு மாதமா நான் கேக்கிறன். ஒரு கிழமை பேனா இல்லை எண்டான். ஒரு கிழமை கண்ணாடி இல்லை எண்டான். என்ர மனுசி வசந்தி கேட்டால், 'ஓம், பாப்பம்' எண்டு காசைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவான். பத்மா அங்கை சன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கிறாள். இப்ப இந்தக் காசு அவனுக்கு ஒரு நல்ல சாட்டு."

யோகராணிக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. காசு தொலைவதற்கு முன்பே கடிதம் நின்றுதான் இருந்திருக்கிறது.

அவருடைய கோட் பக்கத்து ஆணியில் தொங்கியது. குளிர்காலத்துக்கு அவருக்கு இருந்த ஒரே கோட். வலது தோளில் வெள்ளையாக ஒரு கறை. தர்மேந்திரா குனிந்து பார்த்து, கறையிலிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுத்தான்.

"அக்கா, தடயம். சவ்வரிசி."

"தின்னாதை."

"சபா அண்ணை, பாயாசத்தைத் தோளாலயா குடிச்சனீங்கள்?" என்று யோகராணி கேட்டாள்.

"செல்வநாயகி ஊத்திப்போட்டா. எனக்குப் பின்னாலை நிண்டு பரிமாறேக்கை, அகப்பை அப்பிடியே அந்தரத்தில நிண்டிட்டுது. பேந்து என்ர தோளில வடிஞ்சுது."

"எந்த நேரம் நிண்டது?"

அவர் யோசித்தார். "இவன் அந்தச் செம்பைக் கையில எடுத்து வசந்திக்கு விளக்கிக்கொண்டிருந்தான். மாலைக்குள்ளை நாலு வரி. பத்து வருசத்துக்கு நேர்ந்தது தீர்ந்தது, இருபதுக்கும் நேருகிறம் எண்டு அர்த்தமாம். அரசன் நல்லா இருக்கவேணும் எண்டு தெய்வத்துக்கு வைச்ச நேர்த்தி. 'எங்கட ஆக்கள் நேர்த்தி வைக்கிற மாதிரித்தான்' எண்டான். அப்பதான் பாயாசம் சிந்தினது."

 யோகராணிக்குத் தன்மேலேயே கோபம். இராசநாயகம் சொன்ன வரிசையில் நாலு கதிரை. மூன்று ஆட்கள், ஒரு பெட்டி. சோறு தானாக மேசைக்கு நடந்து வந்ததா என்று அவள் கேட்கவில்லையே! அந்த மனுஷியின் கையால் வடையும் தின்றுவிட்டு, அவளைக் கணக்கில் எடுக்காமல் புறப்பட்டு வந்திருக்கிறாள்.

*

டாக்சி மேற்கே திரும்பியது. மழை தூறத் தொடங்கியது.

"விளங்கிட்டுது" என்றாள் யோகராணி. "அவளின்ர கதிரையில பெட்டி இருக்குது. அவள் நிண்டு பரிமாறுறாள். புருஷன் அடுத்தவன் பெண்சாதிக்கு இனிக்க இனிக்கக் காசு விளக்குறான். வயிறு எரியாமல் என்ன செய்யும்? எடுத்து ஒளிச்சுப்போட்டாள்."

"வயிறு எரிஞ்சா பெட்டியோட தூக்கிக் குப்பையில போட்டிருப்பாங்க அக்கா. எங்க அம்மா அப்படித்தான் அப்பாவோட கேரம் போர்டைப் போட்டாங்க. இவங்க ஏன் அந்தப் பொடிசை மட்டும் எடுத்தாங்க?"

நல்ல கேள்வி. அவள் கேட்டிருக்கவேண்டிய கேள்வி. வடையும் இவனுக்கு, கேள்வியும் இவனுக்கா என்று அவளுக்கு நெஞ்சுக்குள் சுருக்கென்றது. ஆனாலும் அந்தச் சுருக்கிலிருந்துதான் அடுத்த யோசனையும் வந்தது. தட்டில் விழுந்த மூன்று வடைக்காக அவள் இவனுடைய டாக்சியைக் கொளுத்தப் போவதில்லை. அந்த வீட்டுக்காரி தன்னையும் ஒருதரம் நிமிர்ந்து பார்க்கவேண்டும் என்றுதான் அவளுக்கு ஆசை. எரிச்சலுக்கும் ஒரு வேண்டுதல் இருக்கும்.

"வேண்டுதல்" என்று வாய்விட்டுச் சொன்னாள். "தர்மா, உங்கட வீட்டில ஒண்டு நடக்கவேணும் எண்டால் அம்மா காசை என்ன செய்வா?"

"மஞ்சத் துணியில முடிஞ்சு சாமிகிட்ட வெப்பாங்க. நடந்ததும் கோயிலுக்குப் போகும். நடுவுல யாராவது தொட்டா..." அவன் வாயைத் திறந்தபடி அவளைப் பார்த்தான். டாக்சி ஒரு பக்கம் இழுத்தது.

"ரோட்டைப் பார்."

*

கிளென் ஈடன் வீட்டின் சாமியறை, சாமியறை இல்லை. சுடுதண்ணீர்த் தாங்கி இருக்கிற அலுமாரி. கீழ்த் தட்டில் துவாய்கள், மேல் தட்டில் பிள்ளையாரும் முருகனும். வீட்டிலேயே சூடான இடம் அதுதான். சாமிகளுக்கு முன்னால் மஞ்சள் துணி முடிச்சுகள் ஒரு வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் இருபது சதக் காசின் வட்டம் துணிக்கு மேலால் தெரிந்தது. ஒன்றில் மட்டும் மிளகு வைத்துக் கட்டிய மாதிரி ஒரு சின்ன முட்டு.

தர்மேந்திரா சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றான். யோகராணி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கண்டுபிடிச்சிட்டியள்" என்றாள் செல்வநாயகி, வாசலில் நின்றபடி. குரலில் பயம் இல்லை. "ஆனா அவிழ்க்கமாட்டியள்."

"மாட்டன். நானும் முடிஞ்சு வைக்கிறவள்தான். கேக்க மட்டும் வந்தனான். வசந்தியில உங்களுக்கு எரிச்சலோ?"

"வசந்தியிலயோ?" அவள் சிரித்துவிட்டாள். "அது பாவம், கொட்டாவியை அடக்கிக்கொண்டு தலையாட்டுது. எனக்கு எரிச்சல் அந்தச் செம்பிலதான். என்ர கதிரையில இருந்து, ஒரு பருக்கை தின்னாமல், என்ர மனுசனை முழுக்கத் தின்னுது. ஒருநாள் அவர் என்ர முகத்தை லென்ஸ் வைச்சுப் பார்த்திருப்பாரோ?"

"பார்த்தா பயந்துடுவீங்க அக்கா, லென்ஸ்ல சாரோட கண்ணு இவ்வளவு பெரிசு" என்றான் தர்மேந்திரா.

"நீ சும்மா இரு தம்பி." ஆனால் சொன்னபோது அவள் முகம் இளகியது. யோகராணி அதையும் பார்த்தாள், விழுங்கிக்கொண்டாள்.

"அப்ப எதுக்கு நேர்ந்தனீங்கள்?"

செல்வநாயகி முன்னறைப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். "பத்மாவின்ர கடிதத்துக்கு. நானும் அவளும் வகுப்பில ஒரே வாங்கில இருந்து படிச்சனாங்கள். இவர் சபாவில உள்ள வயித்தெரிச்சலில கையெழுத்தை இழுத்தடிக்கிறார். முதலில என்ர காப்பை நேர்ந்தன். அசையேல்லை. அசையாதுதானே, காப்பு என்ர. அவரின்ர மனம் திரும்பவேணும் எண்டால் அவருக்கு உயிரானதை அல்லோ சாமிக்குக் குடுக்கவேணும்! எதைக் குடுக்கிறது எண்டு தெரியாமல் திரிஞ்சன். நேற்று அவரே தன்ர வாயால சொன்னார், அது நேர்த்திக் காசு எண்டு. என்ர கையில பாயாசம் நிண்டிட்டுது. ஒரு முறை நேர்ந்த காசு, வழி தெரிஞ்ச காசு. பாத்திரம் கழுவுற சாட்டில எடுத்து முடிஞ்சிட்டன்."

தர்மேந்திரா தலையைச் சொறிந்தான். "அக்கா... நீங்க முடிஞ்சது கடிதம் போகணும்னு. சார் கடிதத்தை நிறுத்தி வெச்சிருக்கிறது காசு போச்சுன்னு."

"தெரியும். விடிய விடிய அதைத்தான் யோசிச்சன்." முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "சொன்னால் காசைப் பறிச்செடுப்பார், நேர்த்தி குழம்பும், கடிதமும் போகாது. சொல்லாட்டில் சபாவைக் கள்ளன் எண்டுவார், அப்பவும் போகாது. என்ர முடிச்சு என்ர கழுத்திலயே இறுகிப்போச்சு."

"எடு அதை."

இராசநாயகம் நடையில் நின்றார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியாது. முகம் சிவந்திருந்தது.

செல்வநாயகி வழிவிட்டாள். "நீங்களே எடுங்கோ."

அவர் கையை நீட்டினார். மஞ்சள் முடிச்சுக்கு ஒரு சாண் இந்தப் பக்கத்தில் அந்தக் கை நின்றுவிட்டது. லத்தீன் படித்த கைதான். ஆனாலும் அது யாழ்ப்பாணத்துக் கை.

"மாஸ்டர்," என்றாள் யோகராணி, "நான் விளக்கமாச் சொல்லுறன். நீங்கள் கையெழுத்து வைச்சால் நேர்த்தி நிறைவேறுது. காசு பிள்ளையாருக்குப் போகும். வைக்காவிட்டால் இந்த முடிச்சு இப்பிடியே இருக்கும், நீங்கள் துவாய் எடுக்க வரேக்கை எல்லாம் உங்களைப் பார்த்துக்கொண்டு. எந்த வழியிலயும் அது பெட்டிக்குத் திரும்பாது. மிச்சம் இருக்கிற கேள்வி பத்மாவும் அந்தப் பிள்ளையளும்தான்."

அவருடைய கண் மற்ற முடிச்சுகளில் போய் நின்றது.

"இதெல்லாம் ஆருக்கு?" என்று கரகரத்த குரலில் கேட்டார். கேட்ட விதத்தில் ஒரு சந்தேகம், ஒரு எரிச்சல். "இதுகளும் சபா வீட்டாக்களுக்கோ?"

"இது உங்கட பித்தப்பை ஒப்பரேஷனுக்கு" என்றாள் செல்வநாயகி, விரலால் தொடாமல் காட்டி. "இது உங்களுக்கு இஞ்சை வேலை கிடைக்கவேணும் எண்டு. இது உங்கட டிரைவிங் லைசன்சுக்கு. இதுவும் லைசன்சுக்கு. இதுவும்."

தர்மேந்திரா இருமினான்.

"எல்லாம் நடந்ததுகள்தானே, ஏன் இன்னும் இஞ்சை கிடக்குது?" என்றார் அவர்.

"ஆர் ஊருக்குப் போயினம், குடுத்துவிட?"

இராசநாயகம் அந்த வரிசையை ஓரத்திலிருந்து ஓரம் வரைக்கும் பார்த்தார். பெட்டிக்குள்ளிருக்கும் காசுகளை அவர் அப்படிப் பார்ப்பதை யோகராணி காலையில் கண்டிருந்தாள். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கொஞ்சம் நஞ்சம் மிஞ்சிய கௌரவத்தோடு யோகராணி பக்கம் திரும்பினார்.

"பிள்ளையாருக்குப் போனால், சபாவுக்கும் அது கிடைக்காதுதானே?"

"கிடைக்காது."

"ஒருகாலமும்?"

"பிள்ளையாரிட்டை இருந்து அவர் எப்பிடி வாங்குறது?"

"அப்ப சரி."

முன்னறைக்குப் போனார். சாம்பல் கிண்ணத்தைத் தூக்கினார். பேனா இருந்தது, கண்ணாடியும் இருந்தது. கையெழுத்தை அவர் நிதானமாக, முழுப்பெயராக, முதலெழுத்துகளோடு போட்டார். பிறகு சபாரத்தினத்துக்குத் தொலைபேசி எடுத்தார். "நான்தான்" என்றார். "காசு கிடைச்சிட்டுது. நீ எடுக்கேல்லை." சாம்பல் கிண்ணத்தை ஒருதரம் நகர்த்தி வைத்தார். "ஞாயிறு வா. ஆனா அந்தக் குழியைப் பாராதை." ரிசீவரை வைத்துவிட்டார்.

கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தவர், ஒட்டுவதற்காக நாக்கை நீட்டினார்.

"சீ, எச்சில் படுத்தாதேங்கோ!" என்று செல்வநாயகி அவருடைய கையிலிருந்து உறையைப் பறித்தாள். "நல்ல காரியத்துக்குப் போற கடிதம்."

குசினிக்குப் போய், பானையிலிருந்து நாலு சோற்றுப் பருக்கை எடுத்து, விரலால் மசித்து, உறையின் வாயில் ஓரம் தவறாமல் பூசினாள். மேசையில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். ஒட்டிவிட்டதா என்று தூக்கிப் பார்த்து, இன்னொரு தடவை அழுத்தினாள். பிறகு அதை நீட்டினாள். தர்மேந்திராவின் கையில் இல்லை, யோகராணியின் கையில்.

"நீங்கள் கொண்டுபோங்கோ, தங்கச்சி. பெட்டிக்குள்ள விழுற சத்தம் கேட்டிட்டு வாங்கோ."

தபால் கந்தோர் இரண்டு தெரு தள்ளி. தர்மேந்திரா டாக்சிக் கதவைத் திறந்தான். யோகராணி ஏறவில்லை. உறையைக் கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மழைக்குள் நடந்தே போனாள். முத்திரையைச் சரிபார்த்தாள், விலாசத்தை ஒருதரம் வாசித்தாள், உறையைச் சிவப்புப் பெட்டியின் வாய்க்குள் விட்டாள். அது அடியில் போய் விழுந்தது கேட்டது.